பாலு அண்ணாவின் ஏழடுக்குப் பெட்டி

டாக்குரியா, கொல்கத்தா
9.2.2025

சௌ. மதுவந்திக்கு அக்காவோட ஆசீர்வாதம்.

நான் சௌக்கியமா இருக்கேன், என் முழங்கால் மட்டும் சௌக்கியமா இல்லை. நீ, மாப்பிள்ளை குருபிரசாத், குழந்தை தீப்தி எல்லாரும் நன்னா இருக்கேளா? கோயம்புத்தூர்ல குளிர் விட்டுடுத்தா? இங்கே ஸ்வெட்டரையெல்லாம் துவைச்சு உள்ளே வெச்சாச்சு.

இது போன்ல சொல்ல வேண்டிய சமாசாரம்தான். ஆனா ஆரம்பிச்சா நான் கத்துவேன். மாடியாத்து மாமி, போஸ் பௌதி, என்னமோ ஏதோன்னு ஓடி வருவா. நீ அந்தப் பக்கம் "குக்கர் வெச்சிருக்கேன் அக்கா, அப்புறம் பேசறேன்"னு வெச்சுடுவே. லெட்டர்னா முழுக்கப் படிச்சுத்தான் ஆகணும்.

பாலு அண்ணா வந்திருந்தான்.

எந்த பாலுன்னு கேட்டேன்னா உன்னை அறைஞ்சுடுவேன். பெட்டி கம்பெனியில அப்பாவுக்கு அசிஸ்டென்டா சேர்ந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நம்மாத்துல சாப்பிட்டு, அம்மாவை மாமி மாமின்னு கொண்டாடி, கடைசியில அப்பாவைத் தலை குனிஞ்சு ஆபீஸை விட்டு வெளியே வர வெச்சானே, அந்த பாலசுப்ரமணியன். இப்போ பெரிய மனுஷன். உங்க ஊர்ல ஒரு அட்டைப் பெட்டி ஃபேக்டரி, போன வருஷத்துலேர்ந்து இங்கே டான்குனியில இன்னொண்ணு.

எங்க கம்பெனி வால்வையெல்லாம் இத்தனை நாள் மரப்பெட்டியில கப்பலேத்திண்டிருந்தது. மரத்துக்குப் பூச்சி மருந்து அடிக்கணும், அதுக்கு முத்திரை வாங்கணும், ஆயிரம் தொல்லை. இனிமே ஏழடுக்கு அட்டைப் பெட்டின்னு முடிவு பண்ணியாச்சு. யாரோட பெட்டின்னு தேர்ந்தெடுக்கறது இந்த நாகலக்ஷ்மி. பேக்கிங் டிபார்ட்மென்ட்ல இப்போ நான்தானே பெரியவள்.

வந்தான். என்னைப் பார்த்து ஆச்சரியமே படலை. "நாகா! சௌக்கியமா?"ன்னு நேத்து பார்த்த மாதிரி கேட்டான். குடும்பத்தைப் பத்தியெல்லாம் விசாரிச்சான். அப்புறம் சாம்பிள் பெட்டியைத் தரையில கவுத்துப் போட்டு, ஷூவோட அது மேல ஏறி நின்னு எங்க ஜி.எம். சௌமேன் தாவைப் பார்த்துச் சிரிச்சான். பெட்டி விக்க வரவா எல்லாரும் பண்ற வித்தைதான் அது. இவன் தொப்பைக்கு அது கொஞ்சம் ஜாஸ்தியாவே இருந்தது.

நான் அவனைத் துரத்தி விடுவேன்னுதானே நினைக்கறே? மாட்டேன்டி. அப்பாவை நிறுத்தின இடத்துல அவனை நிறுத்தணும். நாலு பேர் பார்க்க, வாய் அடைச்சுப்போய், உடைஞ்ச பெட்டிக்குப் பதில் சொல்லிண்டு நிக்கணும். எனக்கு இன்னும் ஒரு வருஷ சர்வீஸ் இருக்கு. அதுக்குள்ளே இது ஒண்ணு நடந்தா போதும்.

மில் மூடினப்புறம் மாப்பிள்ளைக்கு வேற வேலை ஏதாவது கிடைச்சுதா? நீ ஒண்ணுமே எழுதலையே.

ஆசீர்வாதத்துடன்,
நாகலக்ஷ்மி


கோயம்புத்தூர்
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு மது எழுதறது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். தீப்திக்குப் பரீட்சை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, மாடிப்படி ஏறாதே. போஸ் பௌதியைக் கேட்டதாச் சொல்லு.

உன் லெட்டரைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்லை. எதுக்கு அக்கா இதெல்லாம்? அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆயிடுத்து. பாலு அண்ணாவும் கிழவனாயிட்டான். பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லி அனுப்பிடு, வேற யார் பெட்டியையாவது வாங்கிக்கோ. உன் உடம்பை நீ பார்த்துக்கோ, ரத்தக் கொதிப்பு வேற இருக்கு உனக்கு.

இவருக்கு தீபாவளிக்கப்புறம் ஒரு பிரைவேட் கம்பெனியில கிடைச்சிருக்கு. ஆபீஸ் வேலைதான். காலம்பற போனா ராத்திரி வரார். வயித்துல அசிடிட்டி, அதுக்குக் கஷாயம் வெச்சுக் குடுத்திண்டிருக்கேன். மத்தபடி குறை ஒண்ணும் இல்லை.

மாவடு போட்டிருக்கேன். யாராவது அந்தப் பக்கம் வந்தா குடுத்தனுப்பறேன்.

உன் அன்பு
மது


டாக்குரியா
16.3.2025

சௌ. மதுவுக்கு ஆசீர்வாதம்.

ஒத்தடம் குடுத்தேன், ஒண்ணும் கேக்கலை. மாவடு அனுப்பு, அது கேக்கும். நீயும் தீப்தியும் சௌக்கியம்தானே? மாப்பிள்ளைக்கு வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். என்ன கம்பெனி? பேரே எழுதலையே நீ.

ஆறு பேர் சாம்பிள் குடுத்தா. ஆறையும் மெஷினுக்குள்ளே வெச்சு அமுக்கிப் பார்த்தோம். எடையை ஏத்திண்டே போவா, பெட்டி எப்போ இடுப்பு ஒடிஞ்சு உட்கார்றதுன்னு பார்ப்பா. பாலுவோட பெட்டி ரெண்டாவதா வந்தது. விலை எல்லாரையும் விடக் குறைச்சல். சௌமேன் தாவுக்கு வாயெல்லாம் பல்.

எல்லாரும் டீ குடிக்கப் போனப்போ நான் அந்தப் பெட்டியோட ஓரத்தைப் பிச்சு நாக்குல வெச்சுப் பார்த்தேன். அப்பா பண்ணுவாரே, ஞாபகம் இருக்கா? அம்மா கூட "அதையும் திங்கணுமா"ன்னு திட்டுவா. வெளித்தாள் ஒசத்தி. உள்ளே இருக்கறதெல்லாம் பழைய பேப்பரை அரைச்ச கூழ். எச்சில் பட்ட இடம் அப்படியே நெகிழ்ந்து நூல் நூலா வந்தது. காஞ்ச காத்துல அது மலை மாதிரி நிக்கும். இந்த ஊர் மழையில அப்பளமே நிக்காது, இது எங்கேர்ந்து நிக்கும்?

அதனாலதான் மழைக்காலத்துல கப்பலேத்தற பெட்டிக்கு ஈர சோதனைன்னு ஒண்ணு வெச்சிருக்கா. ஈரக் காத்து அடைச்ச ரூம்ல பெட்டியை ஊற வெச்சு, அப்புறம் அமுக்கிப் பார்க்கறது. வாங்கறவா ஆர்டர்ல எழுதினா உண்டு, எழுதலைன்னா கிடையாது. நான் எழுதப்போறதில்லை.

அவனுக்கு அது தெரியாம இல்லை. ஆர்டர் டிராஃப்டைப் பார்த்தான், அந்த வரி இல்லைன்னு பார்த்தான், என்னைப் பார்த்தான். பொம்மனாட்டி, மறந்துட்டான்னு நினைச்சுண்டு ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு! சிரிடா ராஜா, நன்னா சிரின்னு நினைச்சுண்டேன். மழை வரட்டும்.

வால்வுக்கு என்ன ஆகும்னு நீ கேப்பே. வார்ப்பு இரும்புக்கு என்ன வந்தது? பெயின்ட் போகும், நாலு மூக்கு உடையும். இன்ஷூரன்ஸ் இருக்கு.

ஆசீர்வாதத்துடன்,
நாகா


கோயம்புத்தூர்
22.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாயிடுத்து, கோச்சுக்காதே. தீப்திக்கு அம்மை போட்டிருந்தது, இப்போ தலைக்கு விட்டாச்சு. வருஷப்பிறப்புக்கு உன்னை நினைச்சுண்டேன். வேப்பம்பூ பச்சடி பண்ணினியா? அங்கே வேப்பம்பூ கிடைச்சிருக்காது.

அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். அவன் பெட்டி மட்டம்னு உனக்கே தெரியறது. அதை சௌமேன் தாகிட்டே சொல்லி அவனை வேண்டாம்னு சொல்லிடேன். அதுவும் அவமானம்தானே? அதோட விட்டுடேன். பெட்டி உடைஞ்சா எத்தனை பேருக்குக் கஷ்டம். அங்கே வேலை செய்யறவா எல்லாரும் குடும்பஸ்தர்கள்.

இவர் சௌக்கியம். வேலை ஜாஸ்தி. அசிடிட்டிக்கு இப்போ ஹோமியோபதி.

உன்
மது


டாக்குரியா
4.5.2025

சௌ. மதுவந்திக்கு,

ஆசீர்வாதம். தீப்தி குழந்தையை வெயில்ல அனுப்பாதே, இளநீர் குடு. எனக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்லை, வயித்தெரிச்சலைத் தவிர.

வேண்டாம்னு சொல்லி அனுப்பறதும் அவமானமாம்! ஏன்டி, வியாபாரிக்கு அது ஒரு அவமானமா? அடுத்த வாசலுக்குப் போய் அங்கே ஏறி நிப்பான். நீ அப்போ ஒன்பதாம் கிளாஸ். ஆத்துல யாரும் உனக்கு முழுசாச் சொல்லலை. இப்போ கேளு.

அட்டைக்குள்ளே நெளி நெளியா ஒரு தாள் ஓடறதே, அந்த நெளி மேலேர்ந்து கீழே நிமிர்ந்து நிக்கணும். வீட்டுக்குத் தூண் மாதிரி. அது படுத்துண்டுதுன்னா பெட்டிக்கு முதுகெலும்பே கிடையாது. அம்மாவோட ஆபரேஷனுக்கு அப்பா லீவு போட்டிருந்தப்போ, ஷீட்டுல மிச்சம் பிடிச்சுக் காட்டி மேனேஜர்கிட்டே நல்ல பேர் வாங்கணும்னு இந்த பாலு, நெளியைப் படுக்கப் போட்டு வெட்ட வெச்சான். ஒரு ஷீட்டுக்கு ஒரு பெட்டி கூடுதலா வந்தது. ஆஹா ஓஹோன்னா. மோம்பாஸா துறைமுகத்துல கன்டெய்னர் கதவைத் திறந்தா, சீலிங் ஃபேன் பெட்டியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு நசுங்கிக் கிடந்தது.

விசாரணை வெச்சா. நான் அப்போ அதே ஆபீஸ்ல ஸ்டெனோ, தெரியுமோல்லியோ? அந்த ரூம்ல மூலையில உட்கார்ந்து ஷார்ட்ஹேண்ட் எடுத்திண்டிருந்தேன். பாலு எழுந்து நின்னு சொன்னான்: "பட்டாபி சார் சொல்லித்தான் வெட்டினேன். சாருக்கு வயசாயிடுத்து, கவனம் போறலை." அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கு அப்போதான் கல்யாணமாகி ஒரு குழந்தை. அப்பா வாயைத் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்து வேண்டாம்னு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அவன் சொன்னதை அன்னிக்கு சாயங்காலம் நானே டைப் அடிச்சேன் மது. மூணு காப்பி.

அதுக்கப்புறம் அப்பா தினம் லேக் ஓரத்துல போய் உட்கார்ந்துண்டார். ரெண்டு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்துட்டுப் போய்ச் சேர்ந்தார். இந்தப் பாவி சாவுக்கு மாலை வாங்கிண்டு வந்தான்! விடுன்னு சொல்றியே, எதைடி விடச் சொல்றே?

ஆர்டர் குடுத்தாச்சு. ஜூன் கடைசியில முதல் சரக்கு டர்பனுக்குப் போறது.

மாப்பிள்ளையோட கம்பெனி பேரைத் திரும்பவும் எழுத மறந்துட்டே. வரவர உனக்கு மறதி ஜாஸ்தியாயிண்டிருக்கு.

அக்கா


கோயம்புத்தூர்
1.6.2025

அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியத்துக்கு எழுது.

அப்பா விஷயம் படிச்சு ரெண்டு நாள் அழுதேன். நான் உன்னைக் குத்தம் சொல்லலை. ஒரே ஒரு உபகாரம் பண்ணு. இப்பவும் ஆர்டர்ல ஒரு வரி சேர்க்கலாம் இல்லையா? ஈர சோதனை கட்டாயம்னு நீ எழுதிக் கேட்டா அவன் தட்ட முடியாது. உள்ளே நெளி நெளியா இருக்கற ஃப்ளூட் தாளை மட்டும் புதுக் கூழ்ல மாத்தி, ஒட்டற கஞ்சியில தண்ணி தாங்கற மருந்து கலந்தா அதே பெட்டி மழையிலும் நிக்கும். பெரிய செலவு கூட இல்லை. நீ கேட்டா போதும் அக்கா. உன் கால்ல விழுந்து கேக்கறேன்னு வெச்சுக்கோ.

மது


டாக்குரியா
10.6.2025

மதுவந்திக்கு,

ஆசீர்வாதம். இங்கே மழை ஆரம்பிச்சாச்சு. டாக்குரியா பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணி. உப்பு ஜாடியில உப்பு அழறது. எனக்கு இந்த மழை இவ்வளவு இனிச்சதே கிடையாது.

நன்னா எழுதியிருக்கே. நேத்து வரைக்கும் உனக்கு ஃப்ளூட்டுன்னா கொலுவுல கிருஷ்ணன் கையில இருக்கறது. இன்னிக்கு உள்தாள், புதுக் கூழ், கஞ்சியில மருந்து! சாம்பார்ல பெருங்காயம் போட மறக்கறவளுக்கு ஒட்டுக் கஞ்சியோட பக்குவம் எங்கேர்ந்து வந்தது? யாரு சொல்லிக் குடுத்தா?

வரி சேர்க்க முடியாது. பெட்டியெல்லாம் வந்து எங்க கோடவுன்ல அடுக்கியாச்சு. இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி லாரி துறைமுகத்துக்குப் போறது. என்கிட்டே ஏதாவது சொல்லணும்னா அதுக்கு முன்னாடி சொல்லு.

நாகா


கோயம்புத்தூர்
16.6.2025

அக்கா,

மன்னிச்சுடு. இதை எப்பவோ எழுதியிருக்கணும்.

இவர் வேலை பார்க்கறது பாலு அண்ணா கம்பெனியிலதான். ரெண்டு ஃபேக்டரிக்கும் குவாலிட்டி மேனேஜர். உங்க பெட்டிக்கெல்லாம் பாஸ்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினது இவர்தான்.

மில் மூடி ஒரு வருஷம் ஆத்துல உட்கார்ந்திருந்தார். இவர் வயசுக்கு யாரும் வேலை குடுக்கலை. ராத்திரி எழுந்து கூடத்துல நடந்துண்டே இருப்பார். தீபாவளி சமயத்துல பாலு அண்ணா தானாவே கூப்பிட்டு அனுப்பினான். நான் வேண்டாம்னேன். வேற யார் குடுக்கறான்னு இவர் கேட்டார். உன்கிட்டே சொன்னா நீ எங்களோட பேச்சையே விட்டுடுவேன்னு பயந்துண்டு மூடி மூடி வெச்சேன்.

ஈர சோதனை பண்ணணும்னு இவர் பாலு அண்ணாகிட்டே மூணு தடவை கேட்டாராம். "கேக்க வேண்டியவாளே கேக்கலை, உமக்கென்ன, கையெழுத்தைப் போடும்"னு சொல்லிட்டானாம். இவர் போட்டுட்டார். நான் உன் லெட்டர் எதையும் இவருக்குக் காட்டலை. பொதுவாப் பேச்சுக் குடுத்துக் கேட்டுண்டுதான் போன லெட்டர்ல எழுதினேன்.

பெட்டி உடைஞ்சா பாலு அண்ணா யாரைக் கை காட்டுவான்னு உனக்குத் தெரியாதா? அப்பா நின்ன இடத்துல இவரைக் கொண்டு போய் நிறுத்தாதே அக்கா. லாரியை நிறுத்திடு. உனக்கு அந்த அதிகாரம் இருக்கு.

மது


கோயம்புத்தூர்
20.7.2025

அக்கா,

ஒரு மாசமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்லை. போனையும் எடுக்க மாட்டேங்கறே. போஸ் பௌதிகிட்டே பேசினேன், நீ தினம் ஆபீஸ் போயிண்டுதான் இருக்கேன்னா. உடம்பு சரியா இருக்கா? லாரி போச்சா, நின்னுதா? அதை மட்டுமாவது சொல்லு.

மது


டாக்குரியா
14.9.2025

சௌ. மதுவந்திக்கு,

ஆசீர்வாதம். சௌக்கியமா இருக்கேன். நீங்க எல்லாரும் எப்படி இருக்கேள்னு கேக்கற யோக்கியதை எனக்கு இருக்கோ இல்லையோ, கேக்கறேன்.

மாப்பிள்ளை நடந்ததைச் சொல்லியிருப்பார். அவர் பார்த்ததை அவர் சொன்னார். நான் பார்த்ததையும் நீ கேளு.

ஆகஸ்ட் கடைசியில டர்பன்லேர்ந்து போட்டோ வந்தது. கன்டெய்னர்ல அடிவரிசைப் பெட்டியெல்லாம் சப்பணம் கட்டி உட்கார்ந்துடுத்து. மேல இருந்ததெல்லாம் சரிஞ்சு, வால்வு மூக்கெல்லாம் உடைஞ்சு கிடந்தது. நான் அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். சௌமேன் தா பாலுவைக் கூப்பிட்டனுப்பினார். பாலு தனியா வரலை, மாப்பிள்ளையையும் அழைச்சிண்டு விமானத்துல வந்தான்.

செக்டர் ஃபைவ் ஆபீஸ்ல ஒரு கண்ணாடி ரூம். சௌமேன் தா, ஃபைனான்ஸ்லேர்ந்து ரெண்டு பேர், நான், அவா ரெண்டு பேர். போட்டோவை மேஜை மேல பரப்பினா. பாலு ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. மாப்பிள்ளை பக்கம் கையைக் காட்டி, "எங்க குவாலிட்டி இவர்தான். பாஸ்னு சொன்னதும் இவர்தான். வயசாயிடுத்து, கவனம் போறலை"ன்னான்.

அதே வார்த்தைடி மது. ஒரு எழுத்து மாறலை. அந்தத் திருட்டு நாய்க்குப் புதுசா ஒரு பொய் கூடத் தயார் பண்ணத் தோணலை.

மாப்பிள்ளை எழுந்து நின்னார். சட்டைப் பையில பேனா, நெத்தியில வேர்வை. தரையைப் பார்த்துண்டு நின்னார். இத்தனை வருஷம் நான் வேண்டிண்டதெல்லாம் பாலு அங்கே நிக்கணும்னுதானே? நிக்கறது வேற யாரோ!

எங்க கோடவுன்ல அதே லாட்ல மிச்சம் இருந்த பெட்டி ஒண்ணு, மழை முழுக்க அங்கேயே கிடந்தது. அதைக் கொண்டு வரச் சொன்னேன். தரையில கவுத்துப் போட்டேன். "பாலு அண்ணா, பிப்ரவரியில ஏறி நின்னேளே, இப்போ ஒரு தரம் ஏறுங்கோ"ன்னேன். சிரிச்சு மழுப்பினான். முட்டி வலிங்கறான். சௌமேன் தா "உடுன் மோஷாய்"னார், ஏறுங்க சார்னு. அவர் சொன்னா சொன்னதுதான்.

ஏறினான். ஒரு கால் வெச்சான், தாங்கித்து. ரெண்டாவது காலையும் வெச்சான். சத்தமே இல்லை மது. அப்படியே முழங்கால் வரைக்கும் உள்ளே போயிட்டான். மேஜையைப் பிடிச்சிண்டு அந்தக் கூழுக்குள்ளே நின்னான். டீ கொண்டு வந்த பையன் சிரிச்சுட்டு வெளியே ஓடினான். அந்த முகம் இருக்கே, அதைப் பார்க்கத்தான் நான் உயிரோட இருந்தேன்னு தோணித்து. தோணித்து, பொய் சொல்ல மாட்டேன்.

"இந்தப் பெட்டியை யார் பாஸ் பண்ணினா?"ன்னார் சௌமேன் தா. காலை வெளியே எடுக்கறதுக்கு முன்னாடி, அப்பவும் அவன் மாப்பிள்ளையைத்தான் காட்டறான்! நான் எழுந்தேன். "குருபிரசாத் ஈர சோதனை வேணும்னு மூணு தடவை கேட்டார். வேண்டாம்னது பாலசுப்ரமணியன். ஆர்டர்ல எழுதாம விட்டது நான். உள்ளே கூழ்ப் பேப்பர்னு எனக்கு மார்ச் மாசமே தெரியும். பாலசுப்ரமணியனுக்குச் செய்யறச்சேயே தெரியும். ரெண்டு பேரும் தெரிஞ்சே அனுப்பினோம்"னேன். அவனைத் தனியாத் தள்ள முடியலை, கையைப் பிடிச்சிண்டு கூடவே குதிச்சேன்.

அவனை எங்க கம்பெனி வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லியாச்சு. இந்த ஊர்ல பெட்டி வாங்கறவா எல்லாருக்கும் ரெண்டே நாள்ல செய்தி போயிடுத்து. கால் உள்ளே போன கதையை நடிச்சே காட்டறா. டான்குனி ஃபேக்டரியை மூடப்போறானாம். என்னை ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொன்னா, குடுத்துட்டேன். பார்ட்டி கிடையாது, பூமாலை கிடையாது. எனக்கு ஒண்ணும் வருத்தமும் கிடையாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அதையும் நீ தெரிஞ்சுக்கோ. மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கறார்னு எனக்கு முதல் நாளே தெரியும். பாலு ஆபீஸுக்கு வந்த அன்னிக்கே சொன்னான். "உன் தங்கை வீட்டுக்காரர் எங்களோடதான் இருக்கார் நாகா, நாம எல்லாம் ஒரே குடும்பம்"னான். என் கையைக் கட்டிப் போடணும்னுதான் அவரைப் பிடிச்சு வெச்சிருக்கான்னு அந்த நிமிஷமே புரிஞ்சுது. நீ சொல்லட்டும், சொன்ன அன்னிக்கே விட்டுடலாம்னு நினைச்சேன். லெட்டருக்கு லெட்டர் கேட்டேன். நீ கஷாயமும் ஹோமியோபதியும் எழுதினே. என் கூடப் பிறந்தவள் அவன் சோத்தைத் தின்னுண்டு என்கிட்டே மறைக்கறாளேன்னு எனக்கு நெஞ்சு எரிஞ்சுது.

கடைசியில நீ எழுதின லெட்டர் லாரி கிளம்பறதுக்கு முன்னாடியே வந்துடுத்து. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. இத்தனை நாள் வாயை மூடிண்டிருந்தாயோல்லியோ, அதுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்போ உனக்கு எல்லாம் தெரியும். மாப்பிள்ளைக்கு வேற நல்ல வேலை கிடைக்கும். அவர் மேல தப்பு இல்லைன்னு சௌமேன் தா காகிதமே குடுத்திருக்கார்.

அக்கா


கோயம்புத்தூர்
24.9.2025

அக்காவுக்கு,

இங்கே நவராத்திரி ஆரம்பிச்சாச்சு. கொலு வெச்சிருக்கேன். தீப்தி சௌக்கியம். இவரும் சௌக்கியம், வேலையை விட்டுட்டு ஆத்துல இருக்கார். அசிடிட்டி போன இடம் தெரியலை.

கொல்கத்தாவுலேர்ந்து வந்த அன்னிக்கு வாசல்ல செருப்பைக் கழட்டறச்சேயே அழுதுட்டார். "மில்லுல முப்பது வருஷம் இருந்தேன், எனக்காக ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்க அக்கா அத்தனை பேர் நடுவுல எழுந்து நின்னு தன் வேலையையே தூக்கிக் குடுத்துட்டா"ன்னார். அதுலேர்ந்து யார் வந்தாலும் இதே கதைதான். வெத்தலை பாக்குக்கு வர மாமிகள்கிட்டே எல்லாம் சொல்றார். பெரியம்மா மாதிரி மனுஷி உலகத்துல கிடையாதுன்னு தீப்திகிட்டே சொல்றார். ஸ்வாமி அலமாரியில அப்பா போட்டோவுக்குப் பக்கத்துல உன் போட்டோவை வெச்சிருக்கார். உயிரோட இருக்கறவா போட்டோவை அங்கே வைக்கக்கூடாதுன்னு நான் எடுத்தேன், திரும்பவும் வெச்சுட்டார்.

நீ எழுதினதை அவர்கிட்டே சொல்லலை. படிச்சேன், அடுப்புல போட்டேன். உனக்காகப் போடலை. அவருக்கு இத்தனை நாளைக்கப்புறம் மனுஷா மேல ஒரு நம்பிக்கை வந்திருக்கு, அதை நான் கெடுக்க மாட்டேன்.

நான் மறைச்சேன், ஒத்துக்கறேன். பயந்துண்டு மறைச்சேன். நான் பயந்து நடுங்கறதை நீ மாசக்கணக்கா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே. பாலு அண்ணா அப்பாவுக்குப் பண்ணினது ஒரு மத்தியானத்துல தன் உத்தியோகத்துக்குப் பயந்துண்டு பண்ணினது. நீ என் வீட்டுக்காரருக்குப் பண்ணினது தெரிஞ்சு, நிதானமா, என் லெட்டரைப் பெட்டியில வெச்சுப் பூட்டிண்டு பண்ணினது. அப்பா இருந்தா யாரைத் திரும்பிப் பார்த்திருப்பார்னு யோசிச்சுப் பாரு.

விஜயதசமிக்கு நாங்க அங்கே வரோம். பூஜை சமயம், டிக்கெட்டே இல்லைன்னா. இவர் எப்படியோ அலைஞ்சு வாங்கிட்டார். உனக்கு அரக்குக் கலர்ல புடவை எடுத்து வெச்சிருக்கார். வந்ததும் முதல் காரியமா உன்னை நிக்க வெச்சு நமஸ்காரம் பண்ணணுமாம். வழக்கமா நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம். இந்தத் தடவை நான் விழ மாட்டேன். இடுப்பு வலின்னு அவர்கிட்டே சொல்லிக்கறேன்.

நீ வேண்டாம்னு தடுக்காதே. முழங்காலைச் சொல்லிண்டு உட்கார்ந்துடாதே. அவர்கிட்டே உண்மையைச் சொல்லி உன் பாரத்தை இறக்கிக்கவும் பார்க்காதே, அதுக்கு நான் விட மாட்டேன். நின்னு வாங்கிக்கோ. வாயைத் திறந்து ஆசீர்வாதம் பண்ணு. அவர் கீழே விழுந்து எழுந்திருக்கக் கொஞ்சம் நாழியாகும். அதுவரைக்கும் நான் பக்கத்துலேயே நின்னு உன் முகத்தைப் பார்த்துண்டிருப்பேன்.

மதுவந்தி